இன்ஜினியர் என்றால் யார்? ரயிலிலிருந்து ராணுவம் வரை

பிளஸ் டூ முடிவுகள் வந்துவிட்டால் நம் வீடுகளில் பேச்சு ஒரே திசையில்தான் போகிறது. உயிரியலில் நல்ல மதிப்பெண் என்றால் டாக்டர், கணக்கில் நல்ல மதிப்பெண் என்றால் இன்ஜினியர். டாக்டர் என்ன வேலை செய்வார் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இன்ஜினியர் விஷயம் அப்படியல்ல. "மாப்பிள்ளை சவூதியில் இன்ஜினியர்" என்று சொல்லப்படும்போது அவர் பாலம் கட்டுகிறாரா, ஏசி பழுது பார்க்கிறாரா, கணினிக்கு நிரல் எழுதுகிறாரா, கப்பலின் எந்திர அறையில் நிற்கிறாரா என்பது அந்தச் சொல்லுக்குள் இல்லை. கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று கேட்காமலும் விட்டுவிடுகிறோம்.

நகையை அடகு வைத்தும் மனையை விற்றும் நான்கு வருடம் படிக்க வைக்கும் படிப்பு இது. அதனால் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, எந்தெந்தத் துறையில் யாரைக் குறிக்கிறது, எந்த நாட்டில் அதற்கு என்ன பொருள் என்று சற்று விரிவாகப் பார்ப்போம்.

போர்க்களத்தில் பிறந்த சொல்

லத்தீன் மொழியில் 'இங்கேனியும்' என்றால் பிறவி அறிவுக்கூர்மை. அதிலிருந்து அறிவால் உருவாக்கிய கருவிக்கும் அப்பெயர் வந்தது. அன்றைய ஐரோப்பாவில் அப்படிப்பட்ட கருவி என்றால் பெரும்பாலும் கோட்டையை உடைக்கும் கருவிதான். பதினான்காம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இன்ஜினியர் எனப்பட்டவர், முற்றுகைப் பொறிகளைச் செய்து இயக்கிய படைவீரர். பிரெஞ்சு ராணுவத்தின் பொறியாளர் பிரிவுக்கு இன்றும் 'ழெனி' என்றே பெயர். 

தமிழும் இதற்கு மாறுபட்டதல்ல என்பது வியப்பான செய்தி. பொறி என்ற சொல்லில் எலிப்பொறியும் உண்டு, எந்திரமும் உண்டு. சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டை மதிலைச் சொல்லும் இடத்தில் பகைவரைத் தாக்க வைத்திருந்த பொறிகளின் நீண்ட பட்டியலே இருக்கிறது. பொறியாளர் என்ற இன்றைய சொல்லின் வேரும் அந்த மதிலில்தான் நிற்கிறது.

அரபி மட்டும் வேறு வழியில் வந்தது. வளைகுடாவில் வேலை பார்த்த எவருக்கும் 'முஹந்திஸ்' தெரியும். அதன் வேர், அளவு என்று பொருள்படும் 'அந்தாஸா' என்ற பாரசீகச் சொல். உருது பேசும் குடும்பங்களில் இன்றும் உத்தேச மதிப்பை 'அந்தாஸா' என்றுதான் சொல்கிறார்கள். ஹந்தஸா என்றால் வடிவக் கணிதமும் அதுவே, பொறியியலும் அதுவே. முஹந்திஸ் என்பவர் அளப்பவர். கி.பி. 861-ல் கெய்ரோ அருகே நைல் நதியின் நீர்மட்டத்தை அளக்க ஒரு கல்தூண் அமைக்கப்பட்டது. இன்றும் நிற்கிறது. அதன் பணி வானியல் அறிஞர் அல்ஃபர்கானியின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. வெள்ளம் எவ்வளவு ஏறியது என்பதைப் பார்த்து அந்த வருட விளைச்சலையும் நிலவரியையும் கணித்தார்கள். இங்கே முஹந்திஸின் வேலையில் போர் இல்லை, கணக்கு இருந்தது.

அதற்காக முஸ்லிம் உலகில் போர்ப் பொறியியல் இல்லை என்று பொருளல்ல. ஹிஜ்ரி 5-ல் மதீனாவை நோக்கிப் பெரும்படை திரண்டு வந்தபோது, அகழ் தோண்டும் யோசனையை ஸல்மான் ஃபார்ஸி (ரலி) சொன்ன வரலாறு நம் பிள்ளைகளுக்கும் தெரியும். பாரசீகர்களிடம் வழக்கத்தில் இருந்த, அரபுகளுக்குப் புதிதான அந்த முறையைக் கொண்டு குதிரைப்படை நுழையக்கூடிய வடக்குப் பக்கம் மறிக்கப்பட்டது. நிலத்தின் அமைப்பைப் பார்த்து எதிரியின் பாதையைத் தடுப்பது இன்றும் ராணுவப் பொறியாளரின் முதல் பாடங்களில் ஒன்று.

அதிகம் பேசப்படாத இன்னொரு நிகழ்வும் உண்டு. சீனாவின் சியாங்யாங் நகரத்தை மங்கோலியப் பேரரசர் குப்லாய் கானின் படை ஆண்டுக்கணக்கில் முற்றுகையிட்டும் பிடிக்க முடியவில்லை. ஈரானை ஆண்ட தன் உறவினரிடம் அவர் பொறியாளர்களைக் கேட்டார். இஸ்மாயில், அலாவுத்தீன் என்ற இருவர் அனுப்பப்பட்டார்கள். ஒரு முனையில் பெரும் எடையைத் தொங்கவிட்டு மறுமுனையால் பாறையை வீசும் மன்ஜனீக் பொறியை அவர்கள் அமைத்தார்கள். 1273-ல் நகரம் சரணடைந்தது. சீனர்கள் அந்தப் பொறிக்கு வைத்த பெயர் 'ஹுய்ஹுய் பாவ்'. முஸ்லிம்களின் கல்லெறி பொறி என்று பொருள்.

உஸ்மானியக் கட்டடக் கலைஞர் மிமார் சினானைச் சுலைமானிய்யா பள்ளிவாசலின் குவிமாடம் வழியாகத்தான் நாம் அறிவோம். ஆனால் அவர் தொடங்கியது ஜானிஸரி படைவீரராக. 1538-ல் மால்டோவியப் படையெடுப்பின்போது புரூத் ஆற்றின் சேற்று நிலத்தில் பதின்மூன்றே நாளில் பாலம் அமைத்துக் கொடுத்தார் என்று அவருடைய வாழ்க்கைக் குறிப்பு சொல்கிறது. அடுத்த ஆண்டே அரசின் தலைமைக் கட்டடக் கலைஞர் பதவி அவரைத் தேடி வந்தது.

'சிவில்' என்றால் ராணுவம் அல்லாதது

சிவில் இன்ஜினியரிங் என்றால் கட்டடம் கட்டும் படிப்பு என்றுதான் நாம் புரிந்துகொண்டிருக்கிறோம். ஆனால் 'சிவில்' என்ற சொல்லுக்கும் சிமெண்ட்டுக்கும் தொடர்பு கிடையாது. எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்தைக் கட்டிய ஜான் ஸ்மீட்டன் என்ற ஆங்கிலேயர், தான் ராணுவத்தைச் சேர்ந்த பொறியாளர் அல்ல, குடிமக்களுக்கான பொறியாளர் என்று வேறுபடுத்திக் காட்டவே அந்த அடைமொழியைப் பயன்படுத்தினார். 1771-ல் லண்டனில் இதற்கென ஒரு சங்கமும் உருவானது. தொடக்கத்தில் எந்திரம், சுரங்கம், கால்வாய் எல்லாமே சிவில்தான். மெக்கானிக்கல், எலக்ட்ரிகல் என்று ஒவ்வொன்றாகப் பிரிந்து போன பிறகு எஞ்சியதுதான் இன்றைய சிவில்.

நம் நாட்டில் இந்தப் பிரிவு இன்னும் தாமதமாக வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் பொதுப்பணிகளைக் கவனித்தது ராணுவ வாரியம். பொதுப்பணித் துறை தனியாகப் பிரிந்தது 1850-களில்தான். அதற்குப் பிறகும் அணையும் கால்வாயும் கட்டியவர்களில் பலர் சீருடைக்காரர்கள். கொள்ளிடத்தில் கீழணையையும் கோதாவரியில் தவளேஸ்வரம் அணையையும் கட்டிய ஆர்தர் காட்டன், மதராஸ் இன்ஜினியர்ஸ் படைப்பிரிவின் அதிகாரி. முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுயிக்கை நாம் 'கர்னல்' என்று சேர்த்தே சொல்கிறோம். அந்தக் கர்னல் ராணுவப் பொறியாளர் பதவி. 1887-ல் தொடங்கிய வேலை 1895-ல் முடிந்தது. மலைக்காட்டில் மலேரியாவும் காட்டாற்று வெள்ளமும் தொழிலாளர்களைக் கொன்றன. கூலியாட்களோடு மதராஸ் பயனியர் படைவீரர்களும் அங்கே உழைத்தார்கள். மேற்கே ஓடிய ஆற்றைச் சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பியதால்தான் கம்பம், உத்தமபாளையம் வயல்களில் இருபோகம் நடக்கிறது. அந்தப் பக்கத்தில் குழந்தைகளுக்கு அவர் பெயரை வைப்பதில் ஆச்சரியமில்லை.

செயற்பொறியாளர், கண்காணிப்புப் பொறியாளர், தலைமைப் பொறியாளர் என்று பொதுப்பணித் துறையில் பதவிகள் படிப்படியாக ஏறுவது ஒரு படைப்பிரிவின் வரிசை போலவே தோன்றுவதற்கும் இந்த வரலாறு ஒரு காரணமாக இருக்கலாம் என்பது நம் எண்ணம்.

ரயிலில் எத்தனை இன்ஜினியர்கள்?

2015 மே மாதம் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஆம்டிராக் ரயில் ஒன்று வளைவில் அதிவேகமாகச் சென்று தடம்புரண்டது. 8 பேர் இறந்தார்கள். ஆங்கிலச் செய்திகள் முழுக்க 'ரயிலின் இன்ஜினியர்' பற்றியே பேசின. தமிழில் அதை அப்படியே எழுதினால், தண்டவாளம் போட்டவரை விசாரிக்கிறார்கள் என்றுதான் நாம் நினைப்போம். அவர்கள் சொன்னது ரயிலை ஓட்டியவரை. அமெரிக்காவிலும் கனடாவிலும் ரயில் ஓட்டுநருக்கு இன்ஜினியர் என்றே பெயர். 1863-ல் உருவான அவர்களுடைய தொழிற்சங்கத்தின் பெயரிலும் அதுதான் இருக்கிறது. என்ஜினை இயக்குபவர் இன்ஜினியர் என்ற பழைய பொருள் அங்கே நிலைத்துவிட்டது. பிரிட்டனில் அதே ஆளை டிரைவர் என்றார்கள். நாமும் அதையே பின்பற்றி, இப்போது லோகோ பைலட் என்கிறோம்.

நம் ரயில்வேயில் 'இன்ஜினியரிங் துறை' என்று ஒன்று உண்டு. வேடிக்கை என்னவென்றால் அந்தத் துறைக்கும் என்ஜினுக்கும் தொடர்பில்லை. தண்டவாளம், பாலம், கட்டடம், நிலம் ஆகியவைதான் அதன் பொறுப்பு. என்ஜினைக் கவனிப்பது மெக்கானிக்கல், எலக்ட்ரிகல் துறைகள். சிக்னலுக்குத் தனித் துறை. ஒரு இடத்தில் தண்டவாளம் பலவீனமாக இருந்தால், இங்கே இத்தனை கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக்கூடாது என்று சொல்வது இன்ஜினியரிங் துறை. அதற்குக் கட்டுப்பட்டு ஓட்டுவது லோகோ பைலட். இந்த ஏற்பாட்டின் கீழ்ப்படியில், தினமும் தன் எல்லைக்குள் தண்டவாளத்தின் மேலே நடந்து ஒவ்வொரு பிணைப்பையும் பார்க்கும் கீமேன் இருக்கிறார். அவருக்குப் பட்டம் எதுவும் இல்லை. ஆனால் விரிசலை முதலில் காணும் கண் பெரும்பாலும் அவருடையது.

ரயில்வே பொறியியல் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குக் காட்ட பாம்பனை விடச் சிறந்த இடம் நம் பக்கத்தில் இல்லை. 1914-ல் திறக்கப்பட்ட பாலம் அது. கப்பல் போவதற்காக நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து மேலே தூக்கும் அமைப்பு அதில் இருந்தது. 1964 டிசம்பர் 22 இரவில் வந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. பயணிகளோடு ஒரு ரயிலையும் கடல் கொண்டுபோனது. பாலத்தின் கர்டர்களில் பெரும்பாலானவை விழுந்தன, தூக்குப் பகுதி மட்டும் தப்பியது. சீரமைக்க ஆறு மாதம் ஆகும் என்றார்கள். ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரிடம் பொறுப்பு கொடுக்கப்பட்டது. கடலில் விழுந்த கர்டர்களையே மீட்டெடுத்துப் பயன்படுத்தி 46 நாளில் ரயிலை ஓடவைத்தார். கொங்கண் ரயில்வேயிலும் டெல்லி மெட்ரோவிலும் பின்னாளில் புகழ்பெற்ற ஸ்ரீதரன் இவர்தான். இப்போது அருகில் புதிய பாலம் வந்துவிட்டது. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட அதில் 72.5 மீட்டர் நீளப் பகுதி இரண்டாகப் பிரியாமல் செங்குத்தாக மேலே ஏறுகிறது.

ரயில்வேயில் சேர விரும்புவோர் தெரிந்துகொள்ள வேண்டியது, எல்லாக் கதவுக்கும் பி.இ. சாவி தேவையில்லை என்பது. உதவி லோகோ பைலட் தேர்வுக்குப் பத்தாம் வகுப்போடு குறிப்பிட்ட ஐ.டி.ஐ. பிரிவு போதும், டிப்ளமோ படித்தவரும் எழுதலாம். ஆனால் கண் பரிசோதனை மிகக் கடுமையானது. கண்ணாடியைத் தவிர்க்க லேசிக் சிகிச்சை செய்துகொண்டவர் இந்தப் பணிக்குத் தகுதி இழக்கிறார். இது தெரியாமல் திருமணத்துக்கு முன் லேசிக் செய்துவிட்டுப் பிறகு தேர்வெழுதும் பையன்கள் இருக்கிறார்கள். ஜூனியர் இன்ஜினியருக்கு டிப்ளமோ போதும். உயர் அதிகாரி நிலைக்கு யு.பி.எஸ்.சி. வழியாகத்தான் போக வேண்டும்.

படைவீரர் போட்ட ஹிஜாஸ் பாதை

ரயிலும் ராணுவமும் பொறியியலும் ஒரே இடத்தில் சேர்ந்த கதை ஹிஜாஸ் ரயில்வே. டமாஸ்கஸிலிருந்து மதீனாவுக்கு ஒட்டகக் கூட்டத்தோடு போக ஏறத்தாழ நாற்பது நாள் ஆகும். தண்ணீர்ப் பஞ்சம், கொள்ளை, நோய் எல்லாம் வழியில் காத்திருக்கும். 1900-ல் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது ஒரு ரயில் பாதையை அறிவித்தார். ஹாஜிகளுக்கு வசதி என்பது ஒரு நோக்கம். ஹிஜாஸுக்கும் யமனுக்கும் படையை வேகமாக அனுப்பலாம் என்பதும் அரசின் மனதில் இருந்தது. இதை மறைத்துப் பேச வேண்டியதில்லை.

ஐரோப்பிய வங்கிக் கடன் இல்லாமல் கட்ட வேண்டும் என்று தீர்மானித்தார்கள். உலகெங்கும் முஸ்லிம்களிடம் நன்கொடை திரட்டப்பட்டது. இந்தியாவிலிருந்தும் பணம் போனது. கொடுத்தவர்களுக்குப் பதக்கம் வழங்கினார்கள். அரசு ஊழியர் சம்பளத்தில் பிடித்தம், குர்பானித் தோல் விற்ற தொகை என்று பல வழிகளில் பணம் சேர்ந்தது.

தலைமைப் பொறியாளர் மெய்ஸ்னர் என்ற ஜெர்மானியர். வேலை செய்தவர்களில் பெரும்பகுதி உஸ்மானியப் படைவீரர்கள். ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் பாறையை உடைத்தார்கள், கரை போட்டார்கள், தண்டவாளம் பதித்தார்கள். வெயிலில் மரக்கட்டைகள் வெடித்துப் போகும் என்பதால் தெற்கே போகப் போக இரும்பு ஸ்லீப்பர்கள் போட வேண்டியிருந்தது. மணல் மேடு வந்து பாதையை மூடும். எப்போதோ ஒருமுறை பெய்யும் மழை வந்தால் வாதியில் திடீர் வெள்ளம் கரையை அடித்துப் போகும். அதற்காகக் கல்லால் கட்டிய சிறுபாலங்களில் பல இன்றும் ஜோர்டானிலும் சவூதியிலும் நிற்கின்றன. ரயில் நிலையங்களைச் சிறு கோட்டைகள் போலத் துப்பாக்கித் துளைகளோடு கட்டினார்கள்.

1906-ல் தபூக், 1907-ல் அல்உலா. அதற்குத் தெற்கே முஸ்லிம் அல்லாதவர்கள் போக முடியாது என்பதால் மெய்ஸ்னரும் ஐரோப்பியர்களும் நின்றுவிட்டார்கள். எஞ்சிய தூரத்தை முக்தார் பே என்ற உஸ்மானியப் பொறியாளரின் தலைமையில் முஸ்லிம் பொறியாளர்கள் மட்டுமே முடித்தார்கள். ஹாஜிகள் கூட்டத்தோடு முன்பே பயணம் செய்து அந்தப் பாதையை அளந்தவர் அவர். இந்த இடம் கவனிக்க வேண்டியது. பல வருடம் ஐரோப்பியர்களோடு சேர்ந்து வேலை செய்து கற்றுக்கொள்ளாமல் இருந்திருந்தால், பணம் எவ்வளவு இருந்தும் அந்தக் கடைசிப் பகுதி முடிந்திருக்காது. கற்றவர்களுக்குப் பின்னால் 1773-லும் 1795-லும் இஸ்தான்புலில் கடற்படைக்கும் தரைப்படைக்கும் தொடங்கப்பட்ட 'முஹந்திஸ்ஹானே' பள்ளிகளின் மரபு இருந்தது. அந்தப் பள்ளிகளின் வாரிசுதான் இன்றைய இஸ்தான்புல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்.

1908-ல் சுமார் 1,300 கிலோமீட்டர் கடந்து ரயில் மதீனாவை அடைந்தது. நாற்பது நாள் பயணம் மூன்று நாளாகச் சுருங்கியது. அது நீடித்தது பத்து வருடம்கூட இல்லை. முதல் உலகப்போரில் இந்தப் பாதையைத் தகர்க்க வந்தவர்களில் லாரன்ஸின் பெயர்தான் எல்லோருக்கும் தெரியும். அவரோடு இருந்த நியூகோம்ப் என்ற அதிகாரி பிரிட்டிஷ் ராணுவத்தின் ராயல் இன்ஜினியர்ஸ் பிரிவைச் சேர்ந்தவர். பாலத்தின் எந்த இடத்தில் வெடி வைத்தால் அதிகச் சேதம் வரும் என்பது பாலம் கட்டத் தெரிந்தவருக்குத்தான் தெரியும். ஒரு பொறியாளர் போட்ட பாதையை இன்னொரு பொறியாளர் உடைத்தார். 2018-ல் மக்காவையும் மதீனாவையும் ஜித்தா வழியாக இணைத்து ஹரமைன் அதிவேக ரயில் வந்தபோதுதான் மதீனாவுக்கு மீண்டும் ரயில் வந்தது.

சாப்பர்: முதலில் படைவீரர், பிறகு கொத்தனார்

கோட்டைச் சுவரை நோக்கித் தோண்டிப் போகும் பள்ளத்துக்குப் பிரெஞ்சில் 'சாப்' என்று பெயர். தோண்டுபவர் சாப்பர். இந்திய ராணுவத்தின் பொறியாளர் படையில் கடைநிலை வீரரின் பதவிப் பெயரே இன்றும் சாப்பர்தான். காலாட்படையின் சிப்பாய்க்குச் சமம். இவர் இன்ஜினியரிங் பட்டதாரி அல்ல. துப்பாக்கிப் பயிற்சி முடித்து, அதோடு தச்சு, கொத்து, குழாய் வேலை, பாலம் பொருத்துதல் போன்ற ஒரு தொழிலையும் கற்றவர். பட்டதாரிகள் அதிகாரிகளாக வருவார்கள். அவர்களுக்கான பயிற்சி புனேயில் உள்ள ராணுவப் பொறியியல் கல்லூரியில். ராணுவக் குடியிருப்புகளைக் கட்டிப் பராமரிக்கும் எம்.இ.எஸ். என்பது இதிலிருந்து வேறு. அங்கே சீருடை இல்லாத பொறியாளர்களும் வேலை செய்கிறார்கள்.

இப்படையில் மூன்று பிரிவுகள்: மதராஸ், வங்காளம், பம்பாய். 1780-ல் தொடங்கிய மதராஸ் பிரிவின் தலைமையகம் பெங்களூரில் அல்சூர் ஏரிக்கரையில் இருக்கிறது. அந்த வீரர்களை ராணுவம் முழுக்க 'தம்பி' என்றே அழைக்கிறார்கள். நம் மொழிச் சொல் ஒரு படையின் செல்லப்பெயராக நிலைத்துவிட்டது.

முன்னேறும் படைக்கு வழி அமைப்பது, பின்வாங்கும்போது பாலத்தைத் தகர்ப்பது, கண்ணிவெடியை அகற்றுவது, குடிநீர் கொடுப்பது இவர்களின் வேலை. காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன் இந்தப் பிரிவில் இருந்தவர். 1944 ஜூன் 24 அன்று இத்தாலியில் கண்ணிவெடி அகற்றும்போது ஒரு வெடி கிளம்பியது. அது வெடிப்பதற்குள் இருந்த சில நொடிகளில் அவர் அதன்மேல் விழுந்தார். உடனிருந்தவர்கள் பிழைத்தார்கள். ஜார்ஜ் கிராஸ் பதக்கம் பெற்ற முதல் இந்தியர் அவர். மறைவுக்குப் பின்னரே வழங்கப்பட்டது.

இதே பிரிவை நாம் அண்மையில் பார்த்தது வயநாட்டில். 2024 ஜூலை 30 அதிகாலை நிலச்சரிவில் முண்டக்கையும் சூரல்மலையும் புதைந்தன. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள், குடும்பம் குடும்பமாக. பாலம் போனதால் முண்டக்கை துண்டிக்கப்பட்டது. எந்திரங்களைக் கொண்டுபோக வழியில்லாமல் கைகளால் சேற்றைத் தோண்டினார்கள். மதராஸ் பிரிவினர் கொட்டும் மழையில் இரவும் பகலும் வேலை செய்து, ஆகஸ்ட் 1 மாலைக்குள் 190 அடி நீள பெய்லி பாலத்தைப் பொருத்தினார்கள். 24 டன் தாங்கும் அந்தப் பாலத்தின் மேல்தான் மண் அள்ளும் எந்திரங்களும் ஆம்புலன்ஸ்களும் போயின. அப்பணியை நடத்திய அதிகாரிகளில் மேஜர் சீதா ஷெல்கே என்ற பெண்ணும் இருந்தார். பாலத்தின் மேல் அவர் நின்ற படத்தை நாடு முழுக்கப் பார்த்தது.

பெய்லி பாலத்தின் நுட்பம் எளிமையானது. ஒவ்வொரு இரும்புச் சட்டமும் பத்தடி நீளம், ஏறக்குறைய 260 கிலோ. ஆறு பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம், கிரேன் வேண்டாம். ஆணி போன்ற பின்களால் கோர்த்து இக்கரையிலிருந்தே அக்கரைக்குத் தள்ளிவிடலாம். இரண்டாம் உலகப்போரில் இதை வடிவமைத்த டொனால்ட் பெய்லி படைவீரர் அல்ல. போர் அமைச்சகத்தில் வேலை பார்த்த ஒரு சிவிலியன்.

கப்பலிலும் மற்ற இடங்களிலும்

கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற ஊர்களில் கப்பல் வேலை புதிதல்ல. கப்பலில் 'செகண்ட் இன்ஜினியர்' என்றால் தரம் குறைந்தவர் என்று நினைத்துவிடக்கூடாது. சீஃப் இன்ஜினியருக்கு அடுத்த பெரிய பொறுப்பு அது. ஃபோர்த் இன்ஜினியரில் தொடங்கி, ஒவ்வொரு படிக்கும் கடலில் இத்தனை மாதம் என்ற அனுபவமும் அரசுத் தேர்வும் முடித்துத்தான் ஏற முடியும். பட்டம் மட்டும் போதாது. கப்பலில் ஏற்றிவிடுகிறேன் என்று லட்சக்கணக்கில் பணம் கேட்கும் முகவர்கள் நம் கடற்கரை ஊர்களில் அதிகம். கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் ஆர்.பி.எஸ்.எல். உரிமம் அந்த நிறுவனத்துக்கு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

விமானத்திலும் ஒரு காலத்தில் ஃபிளைட் இன்ஜினியர் என்று மூன்றாவது ஆள் இருந்தார். கணினிகள் அந்த நாற்காலியை எடுத்துவிட்டன. பிரிட்டனில் சமையல் எரிவாயு அடுப்பைச் சரிபார்க்க வருபவரும் இன்ஜினியர்தான். மென்பொருள் துறையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 'சோஷியல் இன்ஜினியரிங்' என்று கேள்விப்பட்டால் சமூக சேவை என்று எண்ணாதீர்கள். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஓ.டி.பி. வாங்கும் ஏமாற்று வேலைக்கு அதுதான் பெயர்.

எகிப்தியர்கள் மரியாதைக்காக 'பாஷ்முஹந்திஸ்' என்று கூப்பிடுவார்கள். 'பாஷ்' துருக்கியில் தலை. தலைமைப் பொறியாளர் என்று பொருள். அதைக் கேட்டு மகிழ்வதில் தவறில்லை. ஆனால் இக்காமாவில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் சம்பளத்தையும் குடும்ப விசாவையும் தீர்மானிக்கும்.

பட்டம் எங்கே செல்லும்?

இந்தியாவில் யார் வேண்டுமானாலும் தன்னை இன்ஜினியர் என்று சொல்லிக்கொள்ளலாம். வழக்கறிஞருக்கு பார் கவுன்சில் இருக்கிறது. ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ள 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு வேண்டும். பொறியாளர் பட்டத்தைக் காக்க அப்படி ஒரு நாடு தழுவிய சட்டம் இங்கே இல்லை. ஜெர்மனியிலும் கனடாவிலும் இது நடக்காது. உரிய தகுதியோ பதிவோ இல்லாமல் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்வது அங்கே குற்றம்.

சவூதியில் பொறியாளர் பணிக்கு சவூதி பொறியாளர் கவுன்சிலின் பதிவு கட்டாயம். டிப்ளமோ படித்தவரைப் பொறியாளராக அல்ல, டெக்னீசியனாகவே வகைப்படுத்துவார்கள். இங்கே டிப்ளமோ முடித்து அங்கே சைட் இன்ஜினியராகப் பல வருடம் வேலை பார்த்தவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சி.

2018-ல் குவைத்தில் நடந்தது இன்னும் கசப்பானது. பொறியாளர்களின் வேலை அனுமதியைப் புதுப்பிக்க குவைத் பொறியாளர் சங்கத்தின் சான்று வேண்டும் என்று விதி வந்தது. இந்தியப் பட்டங்களில் என்.பி.ஏ. அங்கீகாரம் பெற்ற படிப்புகளை மட்டுமே அந்தச் சங்கம் ஏற்றது. பத்து, இருபது வருடம் அங்கே பொறியாளராக இருந்தவர்களும் ஆயிரக்கணக்கில் தவித்தார்கள். படித்த கல்லூரி அரசு அனுமதி பெற்றது, பட்டம் உண்மையானது; ஆனால் அந்தப் படிப்புக்கு அந்த முத்திரை இல்லை. சிலர் பதவிப் பெயரை மாற்றிக்கொண்டு அங்கேயே தங்கினார்கள்.

கல்லூரிச் சேர்க்கையின்போது 'நாக்' அங்கீகாரம் உண்டு என்று விளம்பரப் பலகையில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது கல்லூரிக்குத் தரப்படுவது. என்.பி.ஏ. என்பது ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனியாகத் தரப்படுவது. ஒரே கல்லூரியில் மெக்கானிக்கலுக்கு இருக்கும், சிவிலுக்கு இருக்காது. அதுவும் மூன்று அல்லது ஆறு வருடம் என்று காலவரம்போடு வருகிறது. இன்னொரு நுணுக்கமும் உண்டு. பல நாடுகள் ஒருவர் படிப்பை ஒருவர் ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் இந்தியா 2014-ல் முழு உறுப்பினரானது. ஆனால் அதன் பலன், என்.பி.ஏ. முதல் அடுக்காக வகைப்படுத்தும் தன்னாட்சிக் கல்லூரிகள், பல்கலைக்கழகங்களின் அங்கீகரிக்கப்பட்ட படிப்புகளுக்கு மட்டுமே. சாதாரண இணைப்புக் கல்லூரிகள் இரண்டாம் அடுக்கில் வருகின்றன.

என்.பி.ஏ. இணையதளத்தில் கல்லூரி, பாடப்பிரிவு, அங்கீகாரக் காலம் எல்லாம் பட்டியலாக இருக்கிறது. கட்டணம் கட்டுவதற்கு முன் மகனையோ மகளையோ பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அந்தக் கல்லூரியின் பெயரை மட்டுமல்ல, சேரப்போகும் பிரிவையும் அடுக்கையும் கடைசித் தேதியையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். தேதி அந்த வருடத்தோடு முடிகிறது என்றால், புதுப்பிக்க விண்ணப்பித்திருக்கிறார்களா என்று கல்லூரி அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள்.